அண்ணன் பக்கத்து மூன்று கட்டைகள்

நடுக்கட்டை என்னுடையது. இதில் பேச்சுக்கே இடமில்லை. மொத்தம் ஏழு கட்டைகள். இடது பக்கம் மூன்று அண்ணனுக்கு, வலது பக்கம் மூன்று எனக்கு. நடுவில் இருக்கும் நாலாவது கட்டைக்காகத்தான் நாங்கள் பல மாதம் அடித்துக்கொண்டோம். கடைசியில், அண்ணனுக்குத் தட்டு இருக்கிறது, அதனால் நடுக்கட்டை எனக்கு என்று நானே தீர்ப்புச் சொல்லி நானே எடுத்துக்கொண்டேன். "சரி லா, வச்சிக்க" என்றான் அவன். விட்டுக்கொடுத்தே ஒருத்தியை எரிச்சல்படுத்தத் தெரிந்த ஆள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது கணினியில் ஓடும் ஒரு கேம். மேசைமேல் ஒரு தட்டையான பெட்டி. அதில் வெள்ளையும் கறுப்புமாக ஏழு கட்டைகள், இடது ஓரத்தில் சுற்றிவிடுகிற வட்டத் தட்டு ஒன்று, கல்யாண விருந்துகளில் டிஜே கை வைத்துச் சுற்றுவாரே, அந்த மாதிரி. திரையில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாதை இருக்கும். அந்தப் பாதைகளில் மேலிருந்து நோட்டுகள் சின்னச் சின்னச் செங்கல் போல இறங்கி வரும். ஒரு நோட்டு அடிக்கோட்டைத் தொடும் நேரத்தில் அதற்குரிய கட்டையை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் சத்தம். ஒரு நோட்டு மத்தளம் போல அதிரும், இன்னொன்று பியானோவின் ஒரு சுரமாக ஒலிக்கும். தவறவிட்டால் அந்த இடத்தில் பாட்டு ஊமையாகிவிடும். சரியாக அழுத்த அழுத்தத் திரையில் ஒரு மீட்டர் ஏறும், தவறத் தவற இறங்கும். பாட்டு முடியும்போது மீட்டர் சிவப்புக் கோட்டைத் தாண்டி இருந்தால் பாஸ். இல்லையென்றால் அதுவரை செய்ததெல்லாம் கணக்கில் வராது.

ஒரே ஆள் தன் இரண்டு கைகளால் ஆட வேண்டிய ஆட்டம் இது. நாங்கள் இரண்டு பேராக ஆடினோம். அண்ணன் சுங்கை சோவில் ஒரு சீனரிடம் அந்தப் பெட்டியைப் பழையதாக வாங்கி, மோட்டார் பைக் பின்னால் சைக்கிள் டியூபால் இறுகக் கட்டி, மழையோடு மழையாக அசாம் ஜாவா வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த அன்றே தெரிந்துவிட்டது, எங்கள் இரண்டு பேருக்குமே ஏழு கட்டை தாங்காது என்று. எளிதான பாட்டிலேயே விரல்கள் பின்னிக்கொண்டன. "நீ இந்தப் பக்கம் பாரு, நான் அந்தப் பக்கம் பாக்கறேன்" என்று அண்ணன் சொன்னான். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தாமான் குடியிருப்புக்கு மாறி வந்தபோது அப்பா தூக்கிவந்த ஒரு பலகை பெஞ்சு இருந்தது. அதில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவனுடைய இடது கை தட்டில், வலது கை மூன்று கட்டைகளில். என் இரண்டு கைகளும் மிச்ச நாலு கட்டைகளில்.

அப்படியே வருஷங்கள் போயின. நான் படித்து முடித்து, பக்கத்து எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணி ஆனேன். அண்ணன் வெல்டர் ஆனான். வேலை முடிந்து குளித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தால், எங்களைப் பொறுத்தவரை நாங்கள் ஒரே ஆள். எனக்கு எல்லாப் பாட்டிலும் வலது பாதி தெரியும். இடது பாதியில் என்ன இறங்கி வருகிறது என்று நான் ஒருநாளும் கண்ணைத் திருப்பிப் பார்த்ததில்லை. அது அவன் வேலை.

அம்மாவைப் பொறுத்தவரை அது ஒரு வகை ஆர்மோனியம். கட்டை இருக்கிறது, அழுத்தினால் பாட்டு வருகிறது, அப்புறம் வேறு என்ன? உறவுக்காரர்களிடம், "எம் புள்ளைங்க ரெண்டும் நல்லா ஆர்மோனியம் வாசிக்கும்" என்று சொல்லிவைத்ததில், ஒரு பஜனைக்கு எங்களைக் கூப்பிட்டே விட்டார்கள். தப்பித்து வந்த கதையைச் சொன்னால் நீளும்.

எல்லாப் பாட்டையும் பாஸ் ஆக்கினோம், ஒன்றைத் தவிர. நாங்கள் அதைப் பெரிய பாட்டு என்போம். அதில் என் பாதி முழுக்கப் பியானோ. நடுவில் விரலுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் ஓடும். பாட்டு முடியப்போகும்போது என் பக்கம் அடங்கிவிடும்; நீள நோட்டு ஒன்று இறங்கும், அதன் வால் கோட்டைத் தாண்டும்வரை கட்டையை விடாமல் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அண்ணன் பக்கத்தில் மத்தளமெல்லாம் கொட்டும். அந்த இடத்தில் எங்கள் மீட்டர் சரிந்துவிடும். எப்போது ஆடினாலும் உடைவது அங்கேதான், அவன் பக்கம்தான். "ஒழுங்காத்தானே போச்சு, கடைசியில என்னதான் ஆவுது ஒனக்கு?" என்று நான் கத்துவேன். அவன் சிரித்துவிட்டு, "இன்னொரு வாட்டி போடு பாப்பா" என்பான். எனக்கு இத்தனை வயதாகியும் பாப்பாதான்.

பிறகு அவனுக்கு ஜொகூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. போய்விட்டான். வருகிற நாட்களிலும் வந்த காலோடு கிளம்ப வேண்டியிருக்கும். பெஞ்சில் உட்கார நேரம் இருக்காது. நான் மட்டும் தினமும் சாயங்காலம் பெஞ்சின் வலது பாதியில் உட்கார்ந்து என் பாதியை ஆடிக்கொண்டிருந்தேன். மீட்டர் காலியானாலும் பாட்டை நிறுத்தாமல் ஓடவிடும் பயிற்சி முறை ஒன்று அதில் உண்டு. வெறும் பியானோ மட்டும் கேட்கும். மத்தளம் இருக்க வேண்டிய இடமெல்லாம் மொட்டையாகக் கிடக்கும். இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் எல்லாப் பாட்டும் பாதியாகத்தான் கேட்டது.

நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் போன் செய்தான்.

"பாப்பா, ஆஸ்திரேலியா வேல கன்ஃபர்ம் ஆயிருச்சி. தீபாவளி முடிஞ்சி கெளம்பணும்."

"எத்தன வருஷம்?"

"மூணு. கூடவும் ஆவலாம்."

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? சம்பளம் எப்படி, தங்க இடம் இருக்கிறதா, குளிர் தாங்குவாயா, எத்தனையோ கேட்டிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது, "அப்ப பெரிய பாட்டு?" என்பதுதான்.

அவன் சிரித்தான். "தீபாவளிக்கு வருவேன்ல. முடிச்சிட்டுத்தான் போவேன் லா."

போனை வைத்தபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷமாகக் கட்டையைத் தொடாதவன், தொட்ட காலத்திலேயே உடைத்தவன், வந்து இறங்கி ஒரு நாளில் அந்தக் கடைசி இடத்தைத் தாண்டுவானா? முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பாட்டை அவனோடு உட்கார்ந்து ஒரே ஒரு தரம் முடித்துவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. பாதியில் நிற்கும் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு அவனை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் நான் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா தாம்பாளத்தோடு வந்து பின்னால் நின்றார். தேங்காய், பழம், பொரிகடலை, வெற்றிலை, எல்லாம் அடுக்கி நல்ல கனம்.

"எந்திரிடி. ஆர்மோனியத்துக்குப் பொட்டு வைக்கணும்."

"இரும்மா, அத சாமி மேடைக்கு எடுத்துட்டு வரேன்."

"இவ்ளோ வயர எங்கேருந்து அவுக்கப் போற? வாசல்ல நிக்கிற காடிக்குப் பொட்டு வைக்கும்போது காடியவா தூக்கிட்டு வரோம்? இங்கேயே பண்ணிரலாம்."

வாதாட முடியாத இடம். எழுந்துகொண்டேன். அம்மா ஏழு கட்டைக்கும் சந்தனம் வைத்தார், அதன்மேல் குங்குமம். தட்டுக்கு நடுவில் ஒன்று. கணினித் திரையையும் விடவில்லை; கீழே வலது மூலையில் பெரிதாக அப்பினார். பிறகு கனமான தாம்பாளத்தைத் தூக்கிப் பெட்டியின்மேலேயே வைத்தார். கட்டைகள் கிடுகிடுவென்று அமுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா மணியடித்தார். கற்பூரம் காட்டி முடித்ததும், வழக்கப்படி, மறுநாள் காலை வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கணினியை அணைக்கவும் விடவில்லை. "கரண்டு பில்ல சரஸ்வதியா வந்து கட்டப்போறா?" என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டார்.

மறுநாள் விடுமுறை எடுத்திருந்தேன். மறுபூஜை முடிந்து தாம்பாளம் நகர்ந்த உடனே பெரிய பாட்டைப் போட்டேன். தீபாவளிக்கு நாள் குறைவு.

என் பக்கத்தில் ஏதோ இறங்கி வந்தது. நான் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய எதுவும் இல்லை. என் விரல்கள் பழைய இடத்துக்குப் போய் ஒவ்வொன்றாக மோதி நின்றன. கண்மூடித்தனமாக இரண்டொரு நோட்டைப் பிடித்தேன். பியானோ வரவில்லை. மத்தளம் வந்தது. பழைய வேகம், பழைய அதிர்வு, பழைய இடைவெளி. என் விரலை எடுத்துவிட்டு என் விரலையே பார்த்தேன். மறுபடி அழுத்தினேன். கும், கும் என்று அண்ணன் சத்தம் கேட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "ஏன்டி, ஒங்கண்ணன் வந்துட்டானா?"

நான் பதில் சொல்வதற்குள் கையில் கரண்டியோடு வேகமாக வந்து எட்டிப் பார்த்தார். பெஞ்சின் இடது பாதி காலியாக இருந்தது. "அவன் சத்தம் கேட்டுச்சே" என்றார்.

அந்த விளையாட்டின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் மகன் சத்தம் எது, மகள் சத்தம் எது என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே இத்தனை வருஷமாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். ஏமாந்துபோய் அடுப்படிக்குத் திரும்பிய அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது எனக்குக் கோபம்தான் வரும். "தேங்காயையும் பழத்தையும் தூக்கி மேல வச்சி கெடுத்து வச்சிட்டு இப்ப அவன் சத்தமாம்!" என்று கத்தினேன்.

"சாமி வச்சது கெட்டா போவும்?" என்று பதில் வந்தது.

கணினியை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். அதே மத்தளம். வேறு பாட்டைப் போட்டேன். அதிலும் அண்ணனுடைய பாதிதான் என் பக்கம் இறங்கியது. சரி, பாட்டுக் கோப்புகள் எல்லாமே குழம்பிவிட்டன, அவன் வந்தால்தான் சரிபண்ண முடியும் என்று முடிவு கட்டினேன். திரையின் மூலையில் இருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்திருந்தால் அன்றே விஷயம் தெரிந்திருக்கும். துடைக்கப் போனேன். "பூஜ பொட்ட அழிக்காதடி, அதுவா உதிரட்டும்" என்று அம்மா கையைத் தட்டிவிட்டார். தட்டியதோடு விஷயம் முடிந்தது.

வேறு வழியில்லாமல் அண்ணன் பாதியை ஆடத் தொடங்கினேன். சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

முதல் சில நாள் திட்டிக்கொண்டேதான் ஆடினேன். அண்ணன் பக்கம் சுலபம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். தொம் தொம் என்று அடிக்கிற வேலை, அதில் என்ன பெரிய சாமர்த்தியம்? ஆடிப் பார்த்தால்தான் தெரிகிறது. பியானோ ஓடும் இடத்தில் எல்லாம் அவன் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். ஒரு நோட்டு வரும், பிறகு நீண்ட வெற்றிடம், பிறகு யாரும் எதிர்பார்க்காத ஓர் இடுக்கில் ஒரே ஒரு நோட்டு. அதை அரை மூச்சு முந்தினாலும் பிந்தினாலும் தவறு. ஓடுகிறவளுக்கு ஓட்டமே கைகொடுக்கும். அவனுக்கு அந்த வசதியும் இல்லை. நான் பக்கத்தில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் காத்திருந்திருக்கிறான். நான் வேகம் கூட்டிய இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒற்றை மத்தளம்தான். அது இல்லாமல் இரண்டு வருஷம் தனியாக ஆடியபோது நான் ஏன் எப்போதும் பாட்டை முந்திக்கொண்டே போனேன் என்பது அப்போது விளங்கியது.

மலைத்துப்போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். தோளோடு தோள் உட்கார்ந்து ஆடிய ஒருவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை, அவன் போய் இரண்டு வருஷம் கழித்து, அவன் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்து என் விரலால் தெரிந்துகொள்கிறேன். வேலையிடத்தில்கூட என் விரல் மேசையில் அவன் பாதியைத் தட்டத் தொடங்கியது. எடை மேடையில் நின்ற ஒரு லோரிக்காரர், "என்னா கிராணி, உறுமி பழகுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு இன்னும் சில நாள் இருந்தபோது சந்தனம் காய்ந்து, ஒரு சாயங்காலம் தானாகவே திரையிலிருந்து உதிர்ந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு சொல் இருந்தது: மிர்ரர்.

அந்தச் சொல்லை முன்பும் பார்த்திருக்கிறேன். பெட்டியில் இருக்கும் ஸ்டார்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கட்டையை அழுத்தினால், நோட்டுகளைக் கலைத்துப் போடும் வசதிகள் வரிசையாக மாறும். ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டுக்கொண்ட எங்களுக்கு அதெல்லாம் தேவைப்பட்டதில்லை, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. தாம்பாளம் அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஒரு பக்கம் ஸ்டார்ட்டை அமுக்கி, இன்னொரு பக்கம் கட்டையை அமுக்கி, அம்மா வெற்றிலையைச் சரிசெய்த ஆட்டத்தில் மிர்ரரில் வந்து நின்றிருக்கிறது. என்ன நடந்தது என்பதைச் சொல்லும் ஒரே சொல்லின்மேல் பொட்டும் வைத்து மூடிவிட்டார்கள்.

கெட்டுப்போகவில்லை, ஒன்றும் குழம்பவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில் வலது இடமாகத் தெரிகிறதே, அதுதான். முதல் கட்டைக்கு வர வேண்டியது ஏழாவதுக்குப் போகும், இரண்டாவது ஆறுக்கு, மூன்றாவது ஐந்துக்கு. அவனுடைய மூன்று கட்டைகள் என்னிடம், என்னுடைய மூன்று அவனிடம். சத்தத்தில் ஒரு பொட்டு மாற்றம் இல்லை. கேட்பவருக்கு அதே பாட்டு. இரண்டு மட்டும் இடம் மாறாது. நடுக்கட்டை என்னிடமே இருக்கும். தட்டு அங்கேயே, இடது ஓரத்திலேயே இருக்கும். அவனிடமிருந்து எதை வேண்டுமானாலும் இந்தப் பக்கம் கொண்டுவரலாம், தட்டை மட்டும் கொண்டுவர முடியாது. எத்தனை சின்ன ஏற்பாடு, ஆனால் இதை யோசித்து வைத்த ஆளை நினைத்து எனக்குக் கும்பிடத் தோன்றியது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மிர்ரரை எடுக்காமல் விட்டால், கடைசியில் கொட்டும் மத்தளம் எனக்கு வரும். நான்தான் அதை இப்போது ஓரளவு பிடித்து வைத்திருக்கிறேனே. அண்ணனுக்கு அந்த நேரம் நீள நோட்டு மட்டும்தான். நடுவில் ஓடும் பியானோவில் அவன் திணறட்டும், மீட்டர் இறங்கட்டும். பிறகு ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. கடைசியில் இறங்கினால்தான் ஏற்ற முடியாது. போனில் சொன்னால் "எனக்கு வராது லா" என்று நழுவிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் அவன் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். வலது புறங்கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் புதிதாக இருந்தன. வந்த நிமிஷத்திலிருந்து விருந்தாளிகள், கோயில், மறுபடி விருந்தாளிகள். அவனை யாரும் தனியாக விடவில்லை. தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் ஜொகூர் பஸ்; அங்கே சாமான்களைக் கட்டிக்கொண்டு அப்படியே விமானம். அந்தக் காலையில்தான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். கேட்காமலேயே இடது பாதியில் உட்கார்ந்தான். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மிர்ரர் போட்டுருக்கேன்" என்றேன். "ஒன்னுத நான் ஆடுறேன். என்னுத நீ ஆடு. தட்டு மட்டும் ஒனக்கே."

திரையைப் பார்த்தான். "யாரு வேல இது?"

"அம்மாவும் சரஸ்வதியும்."

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "போடு பாப்பா" என்றான்.

பாட்டு தொடங்கியது. நான் என் மத்தளத்தை எடுத்தேன். பக்கத்தில் முதல் பியானோ வந்தது, சரியான இடத்தில். அடுத்ததும் வந்தது. ஓடும் பகுதி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டர் சரியக் காத்திருந்தேன். சரியவில்லை. அங்கங்கே தடுக்கினான், ஒன்றிரண்டை விட்டான், ஆனால் எந்த நோட்டு எங்கே வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என் பாதி அவனுக்குத் தெரிந்திருந்தது! தழும்பு விழுந்த அந்தக் கை, நான் வருஷக்கணக்காக அழுத்திய சுரங்களை, நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, நான் முந்தும் இடத்தில் முந்தி வாசித்துக்கொண்டிருந்தது. என்னையே வெளியே நின்று கேட்கிற மாதிரி இருந்தது. கண் தானாக அவன் பக்கம் போய்விட்டது. கடைசி இடம் வந்தது, மத்தளம் கொட்டியது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மீட்டர் சரிந்தது. முதல் முறையாக உடைந்தது என் பக்கம்.

"ஒழுங்காத்தானே போச்சு, கடைசியில என்னதான் ஆவுது ஒனக்கு?" என்றான். என் வசனத்தை என்னைப் போலவே சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்படிண்ணே? ஜொகூர்ல எங்கயாவது ஆடுனியா?"

"எங்க நேரம்? என் பக்கந்தான் காதுலயே வந்துருமே. கண்ணுக்கு வேல இல்ல. அதனால ஒன் பக்கத்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். எப்பவுமே."

"கடைசியிலயுமா?"

"கடைசியிலதான் முக்கியமா. அந்த நீள நோட்டு இருக்குல்ல, ஒனக்குப் பொறும கெடயாது, சீக்கிரம் கைய எடுத்துருவ. விட்டுருவியோ விட்டுருவியோன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீ விடாம புடிச்சிருப்ப. அதுக்குள்ள என்னுது போயிரும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி. நாங்கள் பாஸ் ஆகாமல் போன ஒவ்வொரு தடவையும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் கை தவறிவிடுவேனோ என்று பயந்து தன் கையைத் தவறவிட்டவனிடம், அது அவன் கைக்கோளாறு என்றே இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

வாசலில் அப்பா காடியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. "நேரமாச்சுப்பா" என்று அம்மா குரல் கொடுத்தார்.

மிர்ரரை எடுக்கப் போன என் கையை அண்ணன் தடுத்தான். "அப்படியே இருக்கட்டும். ஒன்னு மட்டும். இந்த வாட்டி நீ என்னப் பாக்காத."

"நீயும் என்னப் பாக்காத."

"சரி லா."

மறுபடி போட்டோம். நான் அடிக்கோட்டில் கண்ணை ஆணி அடித்து வைத்தேன். பியானோ ஓடியது, நான் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன், இடுக்கில் வந்த ஒற்றை மத்தளத்தைக் கொடுத்தேன், அவன் ஒரு கணம் நிதானித்து என்மேல் ஊன்றிக்கொண்டு மேலே போனது தெரிந்தது. தோள் இடித்தது. கடைசி இடம் வந்தது. மத்தளம் கொட்டத் தொடங்கியபோது அந்தப் பக்கம் நீள நோட்டு ஆரம்பித்தது. பிடித்திருக்கும்வரை அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும், விட்டால் நின்றுவிடும். நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, அது கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு நான் கொட்டித் தீர்த்தேன். வால் முடிந்து அவன் கையை எடுத்தபோது என் கடைசி அடியும் விழுந்தது.

மீட்டர் சிவப்புக் கோட்டை மயிரிழையில் தாண்டி நின்றது.

திரும்பிப் பார்த்தோம். அறை வாசலில் முறுக்கு டின்னோடு அம்மா நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "இன்னிக்குத்தான் முழுசா கேக்குது" என்றார். பிறகு டின்னை அண்ணன் பையில் திணிக்கப் போய்விட்டார்.

கோலசிலாங்கூர் பஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தோம். ஏறும்போது அண்ணன் என் தலையில் ஒரு தட்டு தட்டினான். வரும் வழியெல்லாம் அப்பா ரேடியோவைக்கூடப் போடவில்லை.

சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மிர்ரரை எடுத்துவிட்டுப் பழையபடி என் பாதியை ஆடினேன். வெறும் பியானோ வீட்டைச் சுற்றி ஓடியது. பாதிப் பாட்டு போயிருக்கும், அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில், பெஞ்சின் இடது பாதியில் உட்கார்ந்தார். இதற்குமுன் அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

திரையைப் பார்த்தார். பிறகு, "ஒன்னுது வேணாம்டி" என்றார். "அவனுதப் போடு."

ஸ்டார்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மிர்ரரைப் போட்டேன்.